மெயிலில் போகும் கிராஃப் ஏன் மங்குகிறது?

கேள்வி: கோவையில் பம்ப் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தில் டெஸ்டிங் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஒவ்வொரு பம்ப்புக்கும் ஹெட் (நீரை ஏற்றும் உயரம்), டிஸ்சார்ஜ் (வெளியேற்றும் நீரின் அளவு), எஃபிஷியன்சி கர்வ் வரைந்து மேனேஜருக்கும் புனேயில் இருக்கும் டிசைன் டீமுக்கும் மெயிலில் அனுப்ப வேண்டும். பெரும்பாலும் பைத்தானில் மேட்பிளாட்லிப் என்ற கிராஃப் வரையும் லைப்ரரி வைத்து வரைகிறேன், சிலதை எக்ஸெலில். என் திரையில் பளிச்சென்று இருப்பது அவர்களிடம் போனதும் மங்கிவிடுகிறது. மேனேஜர் போனில் பார்த்துவிட்டு "நம்பரே தெரியலையேம்மா" என்கிறார். டிபிஐயை (அங்குலத்துக்கு எத்தனை பிக்சல் என்ற கணக்கு) 1200 ஆக்கி அனுப்பினேன், அப்போதும் நம்பர் தெரியவில்லை, போன் வேறு திணறுகிறதாம். வைப்ரேஷன் டேட்டாவை பிடிஎஃப் ஆக அனுப்பினால் புனேயில் திறக்கவே மாட்டேன் என்கிறது. ஷாப் ஃப்ளோர் சூப்பர்வைசர்களுக்காகத் தமிழில் லேபிள் போட்டால் கட்டம் கட்டமாக வருகிறது. எந்த ஃபார்மட்டில் அனுப்பினால் சரியாக இருக்கும்?
வாசகி, கோவை

பதில்: ஃபார்மட்டுக்கு அப்புறம் வருகிறேன், ஏனென்றால் உங்கள் மேனேஜருடைய பிரச்சினை ஃபார்மட்டில் இல்லை. கிராஃபை வரைய உட்காரும்போதே, இதை யார், எதில், எத்தனை சென்டிமீட்டர் அகலத்தில் பார்க்கப்போகிறார் என்று முடிவு செய்துவிட வேண்டும், பிறகு அந்த அளவிலேயே வரைய வேண்டும். நான் சொல்லப்போகிற எல்லாவற்றுக்கும் இதுதான் அடிப்படை. உங்களுக்கு மூன்று விதமான ஆட்கள் இருக்கிறார்கள். மேனேஜர் போனை நிமிர்த்திப் பிடித்துப் பார்க்கிறார், அங்கே படத்துக்குக் கிடைப்பது சுமார் 7 செ.மீ. அகலம். புனேக்காரர்கள் கம்ப்யூட்டரில் அவுட்லுக்கில் பார்க்கிறார்கள். மூன்றாவது, ஆடிட்டுக்காக ஏ4 தாளில் பிரின்ட் எடுத்து ஃபைலில் வைப்பவர்கள், அதையும் நீங்கள்தான் அனுப்புவீர்கள் என்று நினைக்கிறேன். ஒரே படம் இந்த மூன்று இடத்திலும் நன்றாக இருக்க வழியே இல்லை, அதற்காக முயற்சி செய்து நேரத்தை வீணாக்காதீர்கள்.

மேட்பிளாட்லிப்பில் நீங்கள் எதையும் மாற்றாமல் வரைந்தால் படத்தின் அளவு 6.4 அங்குலம் அகலம், 4.8 அங்குலம் உயரம், டிபிஐ 100. அதாவது 640க்கு 480 பிக்சல். இன்றைய போன்கள் பலவற்றில் அகலவாக்கிலேயே 1080 பிக்சலோ அதற்கு மேலோ இருக்கிறது, ஆகவே அந்தச் சின்னப் படத்தை போன் இழுத்துப் பெரிதாக்கிக் காட்டுகிறது, மங்குகிறது. இது புரிந்துதான் டிபிஐயைக் கூட்டினீர்கள், அது வரைக்கும் சரி. ஆனால் 1200 என்று போட்டால் 7680க்கு 5760, கிட்டத்தட்ட 4.4 கோடி பிக்சல். பிஎன்ஜி ஃபைல் என்னவோ ஒரு எம்பி, இரண்டு எம்பிதான் காட்டும், ஏனென்றால் வெள்ளைப் பின்னணியில் நாலு கோடு என்பது நன்றாகச் சுருங்கக்கூடிய விஷயம். திறக்கும்போது கதை வேறு. ஒரு பிக்சலுக்கு 4 பைட் வீதம் விரிந்து 177 எம்பி மெமரியைப் பிடிக்கிறது. அதனால்தான் போன் திணறுகிறது.

சரி, 1200 டிபிஐயிலும் நம்பர் தெரியவில்லையே, ஏன்? டிபிஐயைக் கூட்டினால் எழுத்து கூர்மையாகும், பெரிதாகாது. 6.4 அங்குல அகலப் படத்தில் அச்சு எண்கள் 10 பாயின்ட். அந்த 16 செ.மீ. படத்தை 7 செ.மீ. திரையில் அடக்கும்போது எழுத்தும் அதே விகிதத்தில் சுருங்கி 4 பாயின்ட் சொச்சம் ஆகிவிடுகிறது. மருந்து அட்டையில் பொடி எழுத்தில் இருக்குமே, அந்த மாதிரி. எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் நாற்பத்தைந்து வயதுக்கு மேற்பட்ட கண்ணுக்கு அது தெரியாது. மேனேஜர் கேட்டது தெளிவு இல்லை, அளவு.

ஆகவே போனுக்குப் போகிற படத்தைச் சின்னத் தாளில் வரையுங்கள். 4 அங்குலம் அகலம், 3 அங்குலம் உயரம், எழுத்து அதே 10 பாயின்ட், டிபிஐ 300. இப்போது 1200க்கு 900 பிக்சல் வரும். போனில் 7 செ.மீ.க்குச் சுருங்கும்போதும் எழுத்து 7 பாயின்ட்டுக்குப் பக்கத்தில் நிற்கும், படிக்கலாம். தாள் சின்னதானதும் நீங்களே கவனிப்பீர்கள், எல்லாம் நெருக்கியடிக்கும். அச்சில் பதினைந்து எண்களுக்கு இடம் இருக்காது, ஐந்தோ ஆறோதான் நிற்கும். ஒன்பது கர்வ் ஒரே படத்தில் முடியாது. லெஜெண்ட் பெட்டி பாதி இடத்தை அடைத்துக்கொள்ளும், அதைத் தூக்கிவிட்டு கோட்டின் முனையிலேயே "ஹெட்", "எஃபிஷியன்சி" என்று எழுதிவிடுங்கள். இந்த நெருக்கடி நல்லது. போனில் பார்ப்பவருக்குத் தேவையே இல்லாத விஷயங்களை அதுவே வெளியே தள்ளிவிடும்.

இதில் ஒரு சின்ன விஷயம் பலரைக் கவிழ்க்கும். படத்தைச் சேமிக்கும் சேவ்ஃபிக் கட்டளையைக் கொடுக்கும்போது ஓரத்து வெள்ளையை வெட்டுவதற்காக பிபாக்ஸ் இன்ச்சஸ் என்ற இடத்தில் "டைட்" என்று போடும் பழக்கம் நிறையப் பேருக்கு உண்டு. அது படத்தைச் சுற்றி வெட்டும்போது (லேபிள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் வெட்டாமல் கூட்டும்) நீங்கள் கணக்குப் போட்டு வைத்த 4 அங்குலம் 3.7 ஆகவோ 4.4 ஆகவோ மாறிவிடும், பத்து படத்தை வரிசையாக வைத்தால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவில் நிற்கும். அதற்குப் பதிலாக லேஅவுட்டை கன்ஸ்ட்ரெயின்ட் என்று வைத்துவிட்டால் அளவு மாறாமல் உள்ளே இருப்பதை அதுவே ஒழுங்குபடுத்திக்கொள்ளும்.

இனி ஃபார்மட். கர்வ், புள்ளி, எழுத்து இருக்கிற எந்தப் படத்தையும் ஜேபெக்கில் அனுப்பாதீர்கள். இதில் எனக்கு சமரசமே கிடையாது. ஜேபெக் புகைப்படங்களுக்காக உருவானது. படத்தை 8க்கு 8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் கண்ணுக்கு அதிகம் படாத நுணுக்கங்களைத் தூக்கிப்போட்டுச் சுருக்குகிறது. முகம், வானம், மரம் என்றால் போனது தெரியாது. வெள்ளையில் ஒரு கறுப்புக் கோடு என்றால், அந்தக் கூர்மையான விளிம்பே அது தூக்கிப்போடுகிற நுணுக்கத்தில்தான் இருக்கிறது. அதனால்தான் எழுத்தைச் சுற்றிக் கொசு மொய்த்த மாதிரி சாம்பல் புள்ளிகள் வருகின்றன. வண்ணத்துக்கு இன்னும் மோசம், பெரும்பாலான ஜேபெக் ஃபைல்களில் வண்ணத் தகவல் இரண்டு பக்கமும் பாதிப் பாதியாகக் குறைக்கப்பட்டுத்தான் சேமிக்கப்படுகிறது. நீங்கள் மெல்லிய சிவப்புக் கோட்டில் எஃபிஷியன்சி வரைந்தால் அது அழுக்கு ரோஸ் நிறத்தில் பரவிப் போவது இதனால்தான்.

பிஎன்ஜியில் எதுவும் தூக்கிப்போடப்படுவதில்லை, ஒவ்வொரு பிக்சலும் அப்படியே திரும்பி வரும். கிராஃப் போன்ற படங்களில் ஃபைல் அளவும் பல சமயம் ஜேபெக்கைவிடச் சின்னதாகவே இருக்கும். ஆனால் ஒருமுறை ஜேபெக் ஆகிவிட்ட படத்தைத் திரும்ப பிஎன்ஜியாக மாற்றுவதால் பயன் இல்லை, அந்தக் கறைகளைத்தான் பத்திரமாகப் பாதுகாப்பீர்கள்.

நீங்கள் எழுதவில்லை, இருந்தாலும் ஊகிக்கிறேன். கிராஃபை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, வேர்டில் ஒட்டி, மூலையைப் பிடித்து இழுத்து அளவு சரிசெய்து, அதை பிடிஎஃப் ஆக்கி அனுப்புகிற வழக்கம் நிறைய டெஸ்டிங் பிரிவுகளில் இருக்கிறது. ஒவ்வொரு படியிலும் படம் புதிதாக அளக்கப்பட்டு, சில இடங்களில் ஜேபெக் ஆகவும் மாற்றப்படுகிறது. பிறகு மேனேஜர் அதிலிருந்து ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போடுவார், அங்கே இன்னொரு முறை சுருக்கம். வாட்ஸ்அப்பில் போகத்தான் போகிறது என்றால் போட்டோவாக இல்லாமல் டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள், ஃபைல் தொடப்படாமல் போகும். ஐபோன் மெயிலில் படம் அனுப்பும்போது அளவு கேட்கும், அங்கே இருப்பதிலேயே பெரியதை, அதாவது அசல் அளவைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அவுட்லுக் தனிக் கதை. விண்டோஸில் பல ஆண்டுகளாக இருக்கும் அந்தப் பழைய அவுட்லுக், 2007 பதிப்பு முதல் மெயிலைக் காட்டுவதற்கு வேர்டின் எஞ்சினைப் பயன்படுத்துகிறது. அதனால் மெயிலுக்குள்ளே நீங்கள் செருகும் படத்தை அது ஒரு வேர்டு ஆவணத்துப் படம் போல நடத்துகிறது. ஃபைலுக்குள் எழுதியிருக்கும் டிபிஐயைப் பார்த்து இத்தனை அங்குலம் என்று கணக்கிட்டு வைக்கிறது, அனுப்பும்போது திரை அளவுக்குக் குறைத்துவிடவும் செய்கிறது. உங்கள் 1200 பிக்சல் படம் அந்தப் பக்கம் 400 பிக்சலுக்கு வந்து சேர்ந்தால் ஆச்சரியப்படாதீர்கள். அதே அவுட்லுக்கில் படத்தை அட்டாச் செய்த பிறகு ஃபைல் மெனுவுக்குள் போனால் பெரிய படங்களைச் சின்னதாக்கி அனுப்பு என்று ஒரு தேர்வு இருக்கும், அது 1024க்கு 768க்குள் அடக்கிவிடும். அது அமுங்கியிருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். நான் என் டீம்களுக்குச் சொல்வது எப்போதும் ஒன்றுதான். மெயிலுக்குள் படத்தைச் செருகுங்கள், ஏனென்றால் அட்டாச்மென்டைத் திறக்காதவர்கள்தான் அதிகம், கூடவே அதே பிஎன்ஜியை அட்டாச்மென்டாகவும் வையுங்கள். உள்ளே இருப்பது பார்ப்பதற்கு, வெளியே இருப்பது தேவைப்பட்டால் பெரிதாக்கிப் பார்ப்பதற்கு. இரண்டும் சேர்த்து முந்நூறு கேபிகூட வராது.

பின்னணியை வெள்ளையாகவே வையுங்கள். டிரான்ஸ்பரன்ட் பிஎன்ஜி பிரசென்டேஷனில் அழகாக இருக்கும், ஆனால் போனை டார்க் மோடில் வைத்திருப்பவருக்குக் கறுப்பு எழுத்து கறுப்புப் பின்னணியில் போய் மறைந்துவிடும், அவர் கண்ணில் படுவது அந்தரத்தில் தொங்கும் ஒரு நீலக் கோடு மட்டும்தான்.

புனேக்காரர்களுக்கும் பிரின்ட்டுக்கும் பிடிஎஃப். இதில் கோடும் எழுத்தும் பிக்சலாக இல்லாமல் கணக்காகவே பதிவாகிறது, இங்கிருந்து அங்கே கோடு, இந்த இடத்தில் இந்த எழுத்து என்று. எத்தனை மடங்கு பெரிதாக்கினாலும் கூர்மை போகாது. டிசைன் டீமில் ஒருவர் டூட்டி பாயின்டை (பம்ப் வேலை செய்ய வேண்டிய புள்ளி) சுற்றி எட்டு மடங்கு பெரிதாக்கி, கர்வ் எங்கே வளைகிறது என்று பார்ப்பார், அவருக்கு இதுதான் வேண்டும். இதற்குத் தனி அளவு. ஏ4 தாளில் இரு பக்கமும் 2.5 செ.மீ. ஓரம் விட்டால் 16 செ.மீ. மிஞ்சும், அதாவது 6.3 அங்குலம். ஒரே ஃபங்ஷனில் அகலத்தை மட்டும் மாற்றிக் கொடுத்து இரண்டு முறை சேமித்தால் முடிந்தது, வேலை இரட்டிப்பாகாது. பிரின்ட் எடுக்கும்போது பக்கத்துக்குப் பொருத்து என்ற தேர்வை எடுத்துவிட்டு நூறு சதவீதத்தில் எடுக்கச் சொல்லுங்கள்.

எஸ்விஜியும் பிடிஎஃப் போலத்தான், வெக்டர், அதாவது கணக்காகப் பதிவாகும் படம். ஆனால் மெயிலுக்கு அது வேண்டாம். எஸ்விஜிக்குள் ஸ்கிரிப்ட் வைக்க முடியும், அதை மோசடிக்காரர்கள் நிறையப் பயன்படுத்திவிட்டார்கள், அதனால் மெயில் சேவைகள் அதை உள்ளே காட்டுவதில்லை, பல நிறுவன ஃபில்டர்கள் உள்ளே விடுவதே இல்லை. பிளாட்லி என்ற கிராஃப் லைப்ரரியில் செய்த ஹெச்டிஎம்எல் ஃபைலுக்கும் இதே கதிதான். அவற்றைக் கம்பெனி டிரைவில் வைத்து லிங்க் கொடுங்கள்.

வைப்ரேஷன் படத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், உங்கள் கடிதத்தில் உண்மையிலேயே ஆபத்தான இடம் அதுதான். நொடிக்கு 10,000 அளவீடு, ஒரு நிமிட ஓட்டம் என்று வைத்துக்கொண்டால் 6,00,000 புள்ளிகள். அவற்றைப் புள்ளிகளாகப் போட்டு பிடிஎஃப் ஆக்கினால் அந்த ஆறு லட்சமும் ஒவ்வொன்றாக, இங்கே ஒரு வட்டம், அங்கே ஒரு வட்டம் என்று எழுதப்படுகிறது. திறக்கிற கம்ப்யூட்டர் ஒவ்வொரு முறை ஸ்க்ரோல் செய்யும்போதும் ஆறு லட்சத்தையும் மறுபடி வரைகிறது. திணறாமல் என்ன செய்யும்? எளிய தீர்வு, மேட்பிளாட்லிப்பில் அந்தப் புள்ளிகளுக்கு மட்டும் ராஸ்டரைஸ்டு என்பதை ட்ரூ என்று வைப்பது. புள்ளிகள் மட்டும் பிடிஎஃப்புக்குள் ஒரு படமாகப் போய் உட்காரும், அச்சும் எழுத்தும் வெக்டராகவே இருக்கும். அந்தப் படத்தின் நுணுக்கம் சேவ்ஃபிக்கில் நீங்கள் கொடுக்கும் டிபிஐயைப் பொறுத்தது, 300 தாராளம்.

இன்னொரு வழி புள்ளிகளைக் குறைப்பது. பார்க்கப்போனால் 1800 பிக்சல் அகலப் படத்தில் ஒவ்வொரு பிக்சல் பத்திக்கும் முந்நூற்றுச் சொச்சம் புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகின்றன, அவ்வளவையும் அனுப்பி யாருக்கும் லாபம் இல்லை. ஆனால் எப்படிக் குறைக்கிறீர்கள் என்பதில் கவனம் தேவை. முந்நூறுக்கு ஒன்று என்று எடுத்தால் டேட்டா பொய் சொல்ல ஆரம்பிக்கும். உங்கள் டூ-போல் (இரு துருவ) மோட்டார் 2,880 ஆர்பிஎம்மில் ஓடுகிறது என்றால் நொடிக்கு 48 சுற்று. 10,000ஐ 300 ஆல் வகுத்தால் நொடிக்கு 33 அளவீடுதான் மிஞ்சும், அதை வைத்து 48 ஹெர்ட்ஸ் அதிர்வைப் பிடிக்கவே முடியாது, அது படத்தில் 15 ஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில் ஏதோ ஒரு மெதுவான ஆட்டமாக வந்து நிற்கும். இல்லாத அந்த ஆட்டத்தைத் தேடி டிசைன் டீம் ஒரு வாரம் அலையும். சராசரி எடுத்தாலும் தவறு, ஒரு பேரிங் தட்டும்போது வருகிற கூரான உச்சங்கள் சராசரியில் கரைந்துவிடும், நீங்கள் தேடுவதே அந்த உச்சங்களைத்தானே. ஒவ்வொரு 300 புள்ளிக் கட்டிலிருந்தும் மிகப் பெரியது ஒன்று, மிகச் சிறியது ஒன்று என்று இரண்டை மட்டும் எடுத்து அவற்றுக்கு நடுவே நிரப்புங்கள். ஆறு லட்சம் 4,000 ஆகிவிடும், பார்வைக்கு அசலுக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியாது, எந்த உச்சமும் காணாமல் போகாது.

டிசைன் டீமுக்கு நேர அலை வடிவத்தைவிட ஸ்பெக்ட்ரம் (எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு அதிர்வு என்று காட்டும் படம்) அனுப்புவது இன்னும் பயனுள்ளதாக இருக்கும் என்பது என் அபிப்பிராயம். எஃப்எஃப்டி (அலையை அதிர்வெண்களாகப் பிரிக்கும் கணக்கு) போட்டு அனுப்பினால் 48 ஹெர்ட்ஸில் ஓர் உச்சம், 96இல் ஒன்று, இம்பெல்லரில் (பம்ப்புக்குள் சுழலும் சக்கரம்) ஆறு வேன் (இதழ்) இருந்தால் 288இல் ஒன்று என்று பேச வேண்டிய விஷயம் நேராகக் கண்ணில் படும். 48இல் உச்சம் பெரிதாக இருந்தால் பேலன்சிங்கைச் சந்தேகிப்பார்கள், 96இல் என்றால் அலைன்மென்ட். அந்த மூன்று இடத்திலும் எண்ணைப் படத்திலேயே எழுதிவிடுங்கள்.

மெயில் அளவு பற்றியும் ஒன்று. மெயில் என்பது முதலில் வெறும் ஆங்கில எழுத்துகளை அனுப்ப மட்டுமே உருவான ஏற்பாடு, ஃபைல்களை இணைக்கும் முறை 1992இல்தான் மைம் என்ற பெயரில் தரப்படுத்தப்பட்டது. இன்றைக்கும் அட்டாச்மென்ட் எழுத்துகளாக மாற்றப்பட்டுத்தான் போகிறது, 3 பைட்டுக்கு 4 எழுத்து வீதம். ஆக எந்த ஃபைலும் வழியில் மூன்றில் ஒரு பங்கு வீங்கும். உங்கள் கம்பெனி சர்வர் 10 எம்பி வரை என்று வைத்திருந்தால் 7 எம்பியைத் தாண்டாமல் அனுப்புவதுதான் பாதுகாப்பு. பிஎன்ஜியை ஜிப் செய்து பிரயோஜனம் இல்லை, அது ஏற்கெனவே சுருங்கியதுதான். சிஎஸ்வியை (எண்களை வரிசையாக வைக்கும் எழுத்து ஃபைல்) ஜிப் செய்யுங்கள், நன்றாகச் சுருங்கும்.

எக்ஸெலில் வரைவதை ஸ்க்ரீன்ஷாட் எடுக்கவே வேண்டாம். சார்ட்டை மட்டும் கிளிக் செய்து தேர்ந்தெடுத்துவிட்டு பிடிஎஃப் ஆக எக்ஸ்போர்ட் செய்தால் அந்தச் சார்ட் மட்டும் வெக்டராக வரும். ஆனால் ஓர் எச்சரிக்கை, இதை எல்லோரிடமும் சொல்லுங்கள். எக்ஸெல் சார்ட்டைக் காப்பி செய்து வேர்டிலோ பவர்பாயின்டிலோ மெயிலிலோ ஒட்டும்போது, ஒர்க்புக்கையே உள்ளே பொதிந்து வைக்கும் ஒரு பேஸ்ட் தேர்வு இருக்கிறது. அப்படி ஒட்டினால் போவது அந்தச் சார்ட் மட்டும் அல்ல, முழு ஒர்க்புக்கும் போகிறது, அடுத்த ஷீட்டில் அடக்க விலைக் கணக்கு இருந்தால் அதுவும் சேர்ந்து. வாடிக்கையாளருக்குப் போகிற மெயில் என்றால் நினைத்துப் பாருங்கள். எப்போதும் படமாக ஒட்டுங்கள். வெளியாட்களுக்கு வெக்டர் பிடிஎஃப் அனுப்புவதிலும் இதே யோசனை வேண்டும், அதிலிருந்து ஒவ்வொரு புள்ளியின் மதிப்பையும் பிரித்தெடுத்துவிட முடியும், ஆகவே வெளியே போவதற்கு பிஎன்ஜி போதும்.

தமிழ் லேபிளுக்கு வருகிறேன், சூப்பர்வைசர்களுக்காகத் தமிழில் போட நினைத்தது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. கட்டம் கட்டமாக வருவதற்குக் காரணம், மேட்பிளாட்லிப் தானாக எடுத்துக்கொள்ளும் டேஜாவு சான்ஸ் எழுத்துருவில் தமிழ் கிடையாது. நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற ஒன்றைக் கொடுத்தால் கட்டம் போய்விடும், ஆனால் அடுத்த பிரச்சினை வரும். நமக்குப் பரவலாகக் கிடைத்து வந்த மேட்பிளாட்லிப் பதிப்புகள் எழுத்துகளைக் கோத்துக் காட்டும் வேலையைச் செய்வதில்லை, குறியீடு வரிசையில் அப்படியே அடுக்கிவிடும். "வெப்பம்" என்று எழுதினால் ஒற்றைக்கொம்பு வகரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். இதற்கு எளிய சுற்றுவழி, எஸ்விஜியாகச் சேமிக்கும்போது எஸ்விஜி ஃபான்ட்டைப் (svg.fonttype) என்ற அமைப்பை நன் (none) என்று வைப்பது. அப்போது எழுத்துகள் வடிவங்களாக மாறாமல் எழுத்தாகவே ஃபைலில் இருக்கும். அதை உங்கள் கம்ப்யூட்டரில் பிரவுசரிலோ இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளிலோ திறந்தால் தமிழ் சரியாகக் கோத்து வரும், அங்கிருந்து பிடிஎஃப், பிஎன்ஜி எடுத்து அனுப்புங்கள். ஆர் மொழி தெரிந்தால் ராக் (ragg) என்ற பேக்கேஜ் தமிழை நேரடியாகவே ஒழுங்காக எழுதும். பெரிய லேபிளாக, கொஞ்சம் தடித்த எழுத்தில் போடுங்கள், தமிழ் எழுத்துக்கு ஆங்கிலத்தைவிட ஒன்றிரண்டு பாயின்ட் கூட வேண்டும், சுழியும் புள்ளியும் சேர்ந்து அடைத்துக்கொள்ளாமல் இருக்க.

படத்தின் கீழ் ஓரத்தில் சின்ன எழுத்தில் பம்ப் மாடல், சீரியல் நம்பர், டெஸ்ட் தேதி, எந்தத் தரநிலைப்படி சோதித்தது (சப்மெர்சிபிள் என்றால் ஐஎஸ் 8034, அந்த மாதிரி) என்று ஒரு வரி போட்டுவிடுங்கள். மெயிலில்தான் எழுதியிருக்கிறேனே என்று நினைக்காதீர்கள். கிராஃப் ஊர் சுற்றக்கூடியது, ஃபார்வர்டு ஆகும், யாரோ பிரசென்டேஷனில் ஒட்டுவார்கள், ஆறு மாதம் கழித்து உங்களிடமே திரும்பி வந்து "இது எந்த பம்ப்?" என்று கேட்பார்கள். ஃபைல் பெயரிலும் அதே விவரம் இருக்கட்டும், "சார்ட் ஃபைனல் நியூ 2" வேண்டாம். ஹெட் மீட்டரில், டிஸ்சார்ஜ் நொடிக்கு லிட்டரில் என்று அலகுகளை அச்சிலேயே எழுத மறக்காதீர்கள், புனேயில் மணிக்குக் கன மீட்டரில் யோசிப்பவர் இருக்கலாம்.

மெயிலின் முதல் இரண்டு வரியில் கிராஃப் என்ன சொல்கிறது என்று வார்த்தையிலேயே எழுதிவிடுங்கள். "டூட்டி பாயின்ட்டில் ஹெட் சரியாக இருக்கிறது, எஃபிஷியன்சி நாம் அறிவித்ததைவிடக் குறைவாக வருகிறது, 48 ஹெர்ட்ஸில் அதிர்வு கூடுதல்" என்று இருந்தால், படம் லோடு ஆகாத இடத்தில் நிற்கும் மேனேஜரும் முடிவெடுக்கலாம். எண்கள் வேண்டும் என்று கேட்பவருக்குப் படத்திலிருந்து கண்ணால் படித்துக்கொள்ளச் சொல்லாதீர்கள், கர்வ் வரையப் பயன்பட்ட பத்துப் பதினைந்து புள்ளிகளை சிஎஸ்வியாக இணைத்துவிடுங்கள், அது ஒரு கேபிகூட இருக்காது. ஆறு லட்சம் வரி மூல டேட்டாவுக்கு மட்டும் டிரைவ் லிங்க், அதுவும் புனே டீமுக்குத் திறக்க அனுமதி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு.

எல்லாம் தயார் செய்ததும் முதல் மெயிலை உங்களுக்கே அனுப்பி உங்கள் போனில், பெரிதாக்காமல், கை நீட்டிப் பிடித்துப் பாருங்கள். பிறகு புனேயில் ஒருவரைப் போனில் பிடித்து, வந்து சேர்ந்த படத்தைச் சேமித்து அதன் அளவு எத்தனை பிக்சல் காட்டுகிறது என்று கேளுங்கள். 1200க்கு 900 என்றால் வழியில் யாரும் தொடவில்லை. வேறு ஏதாவது சொன்னால் உங்கள் பக்க அவுட்லுக்கா, நடுவில் உள்ள சர்வரா என்று ஐடி பிரிவோடு சேர்ந்து பாருங்கள், அந்த எண்ணைச் சொன்னாலே அவர்களுக்குத் தேட வழி கிடைத்துவிடும்.